பசை காயும்வரை

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், லேப்டாப்பின் கீல் உடைந்துபோனால் அதை வீட்டிலேயே சரிசெய்துகொள்ளலாம். நெருப்பு, சக்கரம், தடுப்பூசி என்று மனித குலம் கண்ட பெரிய காரியங்களின் வரிசையில் இதற்கும் ஓரமாக ஒரு நாற்காலி போட்டுவைக்க வேண்டும் என்பது என் பணிவான கருத்து. கடைக்காரர்கள் அதை ஹிஞ்சு என்பார்கள். மூடியையே முழுசாக மாற்ற வேண்டும் என்று உதட்டைப் பிதுக்குவார்கள். நம்பாதீர்கள். ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர், இரண்டு குழாயில் வரும் பசை, கொஞ்சம் பொறுமை. அவ்வளவுதான் வேண்டும்.

நான் இப்படிப் பேசுவதற்குக் காரணம் என் தொழில். மிக்சியோ மின்அடுப்போ வாங்கினால் பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருக்கும் அல்லவா, 'பயன்படுத்தும் முன் முழுமையாகப் படிக்கவும்' என்று ஆரம்பிக்கும், அதைப் பெட்டியோடு சேர்த்து அலமாரிக்கு மேலே தள்ளிவிடுவீர்கள் அல்லவா, அதை எழுதுகிறவன் நான். வீட்டிலிருந்தே எழுதுகிறேன். வருஷக்கணக்காக எழுதியும் என் வாசகர் ஒருவர்கூட என்னைப் படித்ததில்லை. இதை எழுதத் துணிந்ததும் அந்தத் தைரியத்தில்தான்.

எதையும் வரிசைப்படி சொல்லித்தான் எனக்குப் பழக்கம். கீல் என்றால் என்ன, அது யாருடையது, எப்படிச் சரிசெய்தேன், அப்புறம் என்ன ஆயிற்று என்று போகிறேன். எப்படி உடைந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அது அவ்வளவு முக்கியமில்லை.

லேப்டாப்பின் மூடியையும் அடித்தட்டையும் சேர்த்துப் பிடித்திருப்பவை இரண்டு இரும்புத் துண்டுகள். இரும்பு லேசில் உடையாது. அதைத் தாங்குகிற பிளாஸ்டிக்தான் உடையும். பிளாஸ்டிக்குக்குள் பித்தளையில் பொடிப்பொடியாக மரை பதித்து, அதில் திருகை முடுக்கியிருப்பார்கள். நாளாக ஆக இரும்பு இறுகிக்கொண்டே போகும், பிளாஸ்டிக் விட்டுக்கொடுத்துக்கொண்டே போகும். குடும்பங்களில் பார்த்திருப்பீர்கள். ஒருநாள் பித்தளை பிய்த்துக்கொண்டு வெளியே வர, மூடியின் மூலை வாயைப் பிளக்கும். இதைத் தவிர்க்க எச்சரிக்கை இரண்டு உண்டு. திறக்கும்போது மூலையைப் பிடிக்காதீர்கள், நடுவில் பிடியுங்கள். மூடும்போது இடையில் பேனா, பென்சில் எதுவும் கிடக்கவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். இடையில் ஒன்று கிடக்க நீங்கள் மேலே அழுத்தினால், அந்த அழுத்தம் முழுக்கக் கீலுக்குப் போய்ச் சேரும்.

லேப்டாப் என் மாமனாருடையது.

மாமனார் ஒரு பெரிய அலுவலகத்துக்குத் தலைவராக இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வு என்று அலுவலகம்தான் சொல்லிற்று, அவர் ஒப்புக்கொள்ளவில்லை. காலையில் செய்தித்தாளைக் கோப்பு பார்ப்பதுபோலப் பார்த்து, ஓரத்தில் 'பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். வீட்டில் எல்லோரும் அவரைத் தலைவர் என்றே சொல்வோம். காதில் விழும்படி சொன்னால் மரியாதை, விழாமல் சொன்னால் வேறு. எனக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து அவர் என்னோடு நேரடியாகப் பேசியதில்லை. சண்டை ஒன்றுமில்லை. எதுவும் முறைப்படி, உரியவர் வழியாகத்தான் போக வேண்டும் என்பது அவர் கொள்கை. நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். "வெளிய எங்கயாவது வேலைக்குப் போற யோசனை இருக்கான்னு மாப்பிள்ளையக் கேளும்மா" என்பார் மகளிடம். என் மனைவி என் பக்கம் திரும்புவாள். நான் அவளிடம் பதில் சொல்வேன். பதில் அதே வழியில் திரும்பிப் போகும்.

பிறகு பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுக்கப் போயிற்று, பேச்சும் போயிற்று. எங்கள் வீட்டு முன்னறையில் ஜன்னலோரமாக, பக்கவாட்டில் கம்பி வைத்த கட்டில் ஒன்று வந்தது. அதில் அவர் வந்தார். மனைவி காலையில் வேலைக்குப் போனால் சாயங்காலம்தான் வருவாள். நான் வீட்டிலிருப்பவன். வீட்டிலிருப்பவன் என்றால் சும்மா இருப்பவன் என்றுதான் உலகத்துக்குக் கேட்கும் போலிருக்கிறது. அவரை யார் பார்த்துக்கொள்வது என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை, அது தானாக முடிவாகியிருந்தது. துடைப்பது, புரட்டிப் படுக்கவைப்பது, துணி மாற்றுவது, ஸ்பூனில் ஊட்டுவது. எதையும் குறையாகச் சொல்லவில்லை. செய்தேன். இந்தத் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், பெற்ற பிள்ளைகூட இப்படிப் பார்க்காது என்பார்கள்.

பேச்சை மகள் மீட்டுக் கொடுத்தாள். அந்தப் பழைய லேப்டாப்பில் ஒரு செயலியை ஏற்றி, எழுத்தையெல்லாம் பெரிதாக்கி, கட்டிலின் குறுக்கே ஒரு பலகை போட்டு அதன்மேல் வைத்தாள். தட்டிவிட்டு ஒரு பொத்தானை அழுத்தினால் அது வாய்விட்டுப் படிக்கும். அவருக்கு மிச்சமிருந்தது இடது கை. அதிலும் தட்டுவதற்கு வளைந்துகொடுத்தது ஆள்காட்டி விரல் ஒன்றுதான். பேனா பிடித்தால் கிறுக்கலாக வரும். செயலியில் கிடைத்தது ஒரு பெண் குரல். ரயில் தாமதத்தை அறிவிக்கிற பெண்ணைப்போல, நடந்ததற்கும் தனக்கும் சம்பந்தமில்லாத குரல். ஒரு கட்டிடத்தையே அதட்டி வைத்திருந்த மனிதர் இளம்பெண்ணாகத் திரும்பி வந்தார்.

அந்தப் பெண் முதன்முதலில் பேசியது என்னிடம்தான்.

"மாப்பிள்ளை. ஜன்னலை மூட ஆவன செய்யவும்."

ஆவன செய்தேன். கொஞ்சம் தாமதமானால் "நினைவூட்டல். ஜன்னல்" என்பாள். இன்னும் தாமதமானால் "நினைவூட்டல் இரண்டு." அவர் அலுவலகத்தில் அப்படித்தானாம். நினைவூட்டல் மூன்று வரை போனவர்கள் யாரும் பதவி உயர்வு பெற்றதில்லையாம்.

என் எழுத்தறை அடுத்த அறை. சுவர் பேருக்குத்தான். நாள் பூராவும் மாப்பிள்ளை, மாப்பிள்ளை. தலையணை சரிந்துவிட்டது. செய்தி சத்தமாக இருக்கிறது. செய்தி சத்தம் போதவில்லை. தண்ணீர் சூடாக்கிக்கு நான் எழுதிய பக்கங்களை, அப்பாவுக்குப் பொழுதுபோகட்டும் என்று மகள் அவரிடம் காட்டியிருக்கிறாள். மறுநாள் அந்தப் பெண் சொன்னாள்: "மாப்பிள்ளை. மூன்றாம் பத்தி தெளிவாக இல்லை. திருத்தி மறுபடி சமர்ப்பிக்கவும்." எடுத்துப் பார்த்தேன். தெளிவாக இல்லைதான். என்னை முதன்முதலாக ஒருவர் படித்திருக்கிறார், அவர் இவராகவா இருக்க வேண்டும்.

சில மதியங்களில் ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டு நான் தட்டை எடுக்கும்போது, "மாப்பிள்ளை. நீங்கள் சாப்பிட்டீர்களா" என்பாள். அந்தக் குரலில் கேள்விக்குறி கிடையாது. சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறேன் என்று குத்திக்காட்டுகிறார் என்றுதான் எடுத்துக்கொண்டேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

கீல் உடைந்த அன்று சாயங்காலம், மனைவி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொன்னேன். லேப்டாப் கீல் போய்விட்டது, நானே பார்க்கிறேன் என்று.

இங்கே என் புகழைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் பிரித்த எதையும் திரும்ப மூடியதில்லை. சுவர்க்கடிகாரம், அயர்ன் பாக்ஸ், பக்கத்து வீட்டிலிருந்து இரவல் வாங்கிய டார்ச் என்று பலவும் ஆளுக்கொரு பிஸ்கட் டப்பாவில் அடக்கமாகியிருக்கின்றன. சொந்தக்காரர்கள் கூடினால் என்னைப் பற்றிச் சொல்வதற்குக் கதைகள் வைத்திருக்கிறார்கள். எல்லாக் கதையிலும் கடைசியில் ஒரு திருகு மிச்சமிருக்கும்.

"ஏங்க, இத மட்டுமாவது கடையில குடுத்துடுங்களேன்" என்றாள்.

"கடையில குடுத்தா மூடியையே மாத்தணும்பான். மாத்தறேன்னு உள்ள நீ போட்டு வச்சதெல்லாம் அழிச்சிடுவான். ரெண்டு நாள்ல நான் முடிச்சிடறேன்."

"அந்தக் கடிகாரமும் ரெண்டு நாள்தான். நம்ம கல்யாணத்துக்கு வந்தது அது." தோளில் பை தொங்க முன்னறைக்குப் போய், "அப்பா, உங்க மாப்பிள்ளை பிரிக்கப் போறாராம். உங்க லேப்டாப்ப ஒரு தடவ நல்லா பாத்துக்குங்க" என்றாள்.

அவரால் பாதி முகத்தால் சிரிக்க முடியும். சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. அவள் மட்டும் சிரித்தாள். களைத்துப்போய் வந்தவள், அவளுக்கு ஒரு சிரிப்பு தேவையாக இருந்தது.

மறுநாள் வேலையில் இறங்கினேன். முதலில் பேட்டரியின் இணைப்பைக் கழற்ற வேண்டும். திருகுகளைக் கழற்றின வரிசையிலேயே ஒரு தட்டில் அடுக்கிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. நொறுங்கின பிளாஸ்டிக் துணுக்குகளை ஊதிவிடாதீர்கள், அவை தேவைப்படும். ஒட்டும் இடத்தை உப்புத்தாளால் கொஞ்சம் சுரண்டினால்தான் பசை பிடிக்கும். இரண்டு குழாயிலிருந்தும் சம அளவு பிதுக்கித் தீக்குச்சியால் குழைத்துப் பித்தளை மரையைச் சுற்றி வைக்க வேண்டும். பசை இரும்பு மூட்டுக்குள் போய்விடக் கூடாது, போனால் மூடி திறக்கவே திறக்காது. திரைக்குப் போகிற வயர் கீலை ஒட்டித்தான் ஓடும், அது நசுங்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, இரும்பு மூட்டின் நட்டைக் குறட்டால் துளி தளர்த்திவிட வேண்டும். நோய் அந்த இறுக்கத்தில்தான் இருக்கிறது, உடைந்த பிளாஸ்டிக்கில் இல்லை. இதையெல்லாம் செய்து, மேலே பாரம் வைத்து ஒரு நாள் விட்டுவிட வேண்டும். வீட்டிலேயே கனமான பொருள் தலைவரின் பணி ஓய்வு விழா மலர். அதை வைத்தேன்.

அடுத்த நாள் மதியம் பசை கல்லாகியிருந்தது. முடுக்கி மூடியைத் திறந்தேன். சத்தமில்லாமல் திறந்தது, விட்ட இடத்தில் நின்றது. பேட்டரியை மாட்டி உயிர் கொடுத்தேன். பொறுப்பான செயலி அது, அணைத்துப் போட்டாலும் கடைசியாகத் தட்டியதை மறக்காது. அரை வார்த்தை ஒன்று திரையில் அப்படியே நின்றது. அதைப் படித்தேன். பிறகு மூடினேன். மெதுவாக.

என் வாழ்க்கையில் நான் பிரித்து, ஒரு திருகும் மிச்சமில்லாமல் மூடிய முதல் பொருள் அது. அதை யாரிடமும் சொல்ல முடியாமல் போயிற்று.

சாயங்காலம் மனைவி வந்து "ஆச்சா?" என்றாள்.

"பசை காயணும்" என்றேன்.

நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்பதை இங்கே பதிவுசெய்ய வேண்டும். பசை காயத்தான் வேண்டும். காய்ந்துவிட்டதா என்று அவள் கேட்கவில்லை.

முன்னறை அமைதியானது. அமைதி என்றால் என்னவென்று அதில் இருந்தவனுக்குத்தான் தெரியும். காபியைச் சூடாகக் குடித்தேன். மின்அடுப்புக் கையேட்டைப் பிசிறில்லாமல் எழுதினேன். ஒரு நாளுக்குத்தான் என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் முடிந்தபோது இன்னொன்று வேண்டியிருந்தது. அதற்கப்புறம் சொல்வதற்குக் காரணங்கள் தாமாக வந்தன. ஈரக் காற்று, பசை இறுகவில்லை. மரை சேரவில்லை. ஒரு திருகைக் காணோம். அந்தத் திருகை அவள் வேலை முடிந்து வந்த அலுப்போடு, புடவையைச் செருகிக்கொண்டு, டார்ச்சை வைத்து நாற்காலிக்கு அடியிலெல்லாம் முட்டிபோட்டுத் தேடினாள். நானும் கூடவே தேடினேன். திருகு என் சட்டைப்பையில் இருந்தது.

"புதுசா ஒண்ணு வாங்கிடலாமா?" என்று தரையிலிருந்தபடியே கேட்டாள்.

"இவ்வளவு நாள் பொறுத்தாச்சு, இன்னும் ஒரு நாள்" என்றேன். அவள் தன் கைபேசியை அவர் கையில் கொடுத்துப் பார்த்தாள். விரலுக்கு எழுத்து சிக்கவில்லை, ஒன்றைத் தொட்டால் மூன்று விழுந்தது. அட்டையில் எழுத்துகளை எழுதிவைத்து ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டிப் பார்த்தாள். உயிர், மெய், உயிர்மெய் என்று வளர்ந்த நம் மொழியின் செல்வம் ஒரு அட்டையில் அடங்குகிறதா என்ன. இரண்டாவது எழுத்துக்குப் போவதற்குள் அவர் கண்ணை மூடிக்கொண்டார். கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். கட்டில் கம்பியில் மோதிரத்தால் ஒரு தட்டு தட்டினால் ஆமாம், இரண்டு தட்டினால் இல்லை. விரலால் தட்ட முடியவில்லை, நகம் கறுத்து வீங்கியிருந்தது. அதை மனைவி கீல் உடைந்த அன்று சாயங்காலமே கண்டுபிடித்துக் கேட்டாள். "கம்பியில இடிச்சிருப்பார்" என்றேன். இருப்பார் என்பது என் தொழிலில் ரொம்பப் பயன்படுகிற சொல். அவள் மருந்து தடவிவிட்டாள்.

பகலில் தட்டு கேட்டால் நான் போவேன். போகாமல் இருந்ததில்லை.

எங்கள் கையேடுகளின் கடைசிப் பக்கத்தில் 'கருவி இயங்கவில்லை எனில்' என்று ஒரு பகுதி இருக்கும். மின்சாரம் வருகிறதா? பிளக் சரியாகச் செருகியுள்ளதா? சுவிட்ச் போட்டுள்ளதா? மூடி பூட்டியுள்ளதா? இப்படியே போய்க் கடைசி வரியில் 'மேற்கண்ட எதுவும் இல்லை எனில் அருகிலுள்ள சேவை மையத்தை அணுகவும்' என்று முடியும். அந்தக் கடைசி வரிக்கு வந்துசேர்வதற்குள் வாடிக்கையாளர் களைத்துப்போய்விட வேண்டும் என்பது கம்பெனியின் விருப்பம். அதை வார்த்தையில் கொண்டுவருவதற்குத்தான் என்னை வைத்திருக்கிறார்கள்.

"மாமா, ஜன்னலச் சாத்தணுமா?" இரண்டு தட்டு. "விசிறியக் குறைக்கவா?" இரண்டு தட்டு. தண்ணீரா, தலையணையா, செய்தியா, வெளிச்சமா, துணி மாற்ற வேண்டுமா. இரண்டு, இரண்டு, இரண்டு. கேள்விகள் எல்லாம் நியாயமானவை. குரலை ஒருமுறைகூட உயர்த்தவில்லை. ஒரு கட்டத்தில் மோதிரம் நின்றுவிடும். போர்வையை இழுத்துவிட்டு வருவேன்.

சாயங்காலம் மகள் வந்ததும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். அவள் எந்தக் கையேடும் படித்தவளில்லை, நேராகக் கேட்டுவிடுவாள்.

"எங்கயாவது வலிக்குதாப்பா?"

அவர் அவளைப் பார்க்கமாட்டார். வாசற்படியில் நிற்கிற என்னைப் பார்ப்பார். கொஞ்ச நேரம் பார்ப்பார். நான் அவருடைய செருப்பைப் பார்ப்பேன். நடக்காத மனிதருக்கு எதற்குச் செருப்பு என்று தெரியவில்லை, மகள் துடைத்துக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தாள். பிறகு கம்பியில் இரண்டு தட்டு விழும்.

"இல்லையாம்" என்று அவள் நிம்மதியாக எழுந்துகொள்வாள்.

ஏன் என்னைப் பார்த்தார் என்று கேட்பீர்கள். மனு என் மேஜையில் இருந்தது. அவர் ஏற்கெனவே கொடுத்தாயிற்று. உரிய இடத்தில் கொடுத்த மனு உரிய நேரத்தில் நகரும், இடையில் இன்னொருவரிடம் போய் முறையிடுவது ஒழுங்கீனம் என்பது அவர் நம்பிக்கை. வாழ்நாள் முழுக்க அடுத்தவர் மனுக்களை இழுப்பறைக்குள் தூங்கவைத்த மனிதருக்கு இப்படியொரு நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. மகளிடம் சொல்ல வேண்டாம் என்பதும் அந்த மனுவில் இருந்தது. அந்தப் பகுதியை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றினேன்.

வாரம் தவறாமல் அவரைப் பார்க்க ஒருவர் வருவார். அலுவலகத்தில் அவருக்கு உதவியாளராக இருந்தவர். இவரும் ஓய்வுபெற்று வெகு காலமாகியும் அந்த அறையில் உட்காரமாட்டார். கட்டில் அருகே கையைக் கட்டிக்கொண்டு நின்று, தன் பேரப்பிள்ளைகளின் படிப்பை அறிக்கைபோலச் சொல்லிவிட்டுப் போவார். லேப்டாப் இல்லாத அந்த வாரம் அவர் வந்தபோது தலைவரின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. இடது கை கம்பியைப் பிடித்து உலுக்கியது.

"சார், ஐயா எதையோ சொல்ல நினைக்கறாங்க" என்றார் உதவியாளர்.

"உங்களப் பாத்த சந்தோஷம்" என்றேன்.

நல்ல மனிதர். அவரும் அழுதுவிட்டார். தன்னைப் பார்த்து ஐயா சந்தோஷப்பட்டது அவருடைய வேலைக் காலம் முழுவதிலும் நடந்ததில்லையாம்.

அதற்குப் பிறகு சாப்பாடு குறைந்தது. ஸ்பூனைக் கொண்டுபோனால் உதட்டை மூடிக்கொண்டார். லேப்டாப் இல்லாத கோபம் என்றேன், மனைவிக்கு அது பொருத்தமாகப் பட்டது. அவருடைய கோபத்தில் வளர்ந்தவள் அவள். உடம்பு லேசாகச் சுட்டது, புழுக்கம் என்றேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு பதில் இருந்தது, நான் சொல்லித்தான் அதெல்லாம் எனக்கே தெரியவந்தது. டாக்டரைக் கூப்பிடலாமா என்று அவள் கேட்டாள். "நாளைக்குப் பாக்கலாம். லேப்டாப் வந்துட்டா அவரே சொல்லிடுவார்" என்றேன்.

மறுநாள் சாயங்காலம் அவள் வழக்கம்போலக் கேட்டாள். வலிக்குதாப்பா என்று. அவர் என்னைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தார். கம்பியில் ஒரு தட்டு விழுந்தது. அவள் இரண்டாவது தட்டுக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை.

ஆஸ்பத்திரியில் அந்த டாக்டருக்கு வயது குறைவு, கண்ணில் தூக்கம் தெரிந்தது. பித்தப்பை சீழ் பிடித்து உள்ளேயே உடைந்திருக்கிறது, முன்னாலேயே கொண்டுவந்திருந்தால் பெரிய விஷயமில்லை என்றார்.

"இந்த வலிய யாராலயும் வெளிய தெரியாம வச்சிருக்க முடியாதே. ஒண்ணுமே சொல்லலையா?"

"அவரால பேச முடியாது டாக்டர்" என்றேன்.

"லேப்டாப்லதான் பேசுவார்" என்றாள் மனைவி. "அது ரிப்பேர்ல இருந்துது."

டாக்டர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அப்படி ஆட்டுவதற்கு அவருக்கும் ஒரு கையேடு இருக்கும். தலைவர் கண் திறக்காமலேயே போய்ச் சேர்ந்தார். கடைசி மரியாதைக்கு அலுவலகத்திலிருந்து ஒரு மாலையும், பெயரைத் தப்பாக அடித்த ஒரு இரங்கல் தாளும் வந்தன. இருந்திருந்தால் திருத்தி மறுபடி சமர்ப்பிக்கச் சொல்லியிருப்பார்.

மனைவி தன்மேல் பழி போட்டுக்கொண்டாள். அன்றைக்கே புதுசு வாங்கியிருக்க வேண்டும், வாங்கியிருந்தால் அப்பா சொல்லியிருப்பார், தன்னுடைய அலட்சியம் என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். நான் அவளைத் தேற்றினேன். "உன் தப்பு இல்ல" என்றேன், அது முழு உண்மை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லன்னா அப்பாவ யாருங்க பாத்திருப்பாங்க" என்றாள். 

கட்டில் போய்விட்டது. முன்னறையில் இப்போது சோபாவை நகர்த்திப் போட்டிருக்கிறோம். லேப்டாப்பை நான் ஒருநாள் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தேன். "ஆச்சா" என்று கேட்டாள், திறந்து பார்த்தாள், கீலில் விரலை வைத்துத் தடவினாள். இவ்வளவு நன்றாகச் செய்ய உங்களுக்கு வருமா என்றாள். இதை அதில்தான் எழுதுகிறேன். எழுதினது தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க, மனைவி வேலைக்குப் போனபிறகு அந்தப் பெண்ணைப் படிக்கச் சொல்வேன். அவள் எல்லாவற்றையும் ஒரே மாதிரிதான் படிக்கிறாள். மூன்றாம் பத்தி இப்போது தெளிவாக இருக்கிறது. ஒரு குறையும் இல்லை. மாமனார் மேல் எனக்குக் கோபம் இருந்ததில்லை, இதை நம்புங்கள். அலுப்புதான். ஒரு நாள் யாரும் கூப்பிடாமல் இருந்தால் போதும் என்று இருந்தது.

கீல் எப்படி உடைந்தது என்று கடைசியில் சொல்வதாகச் சொல்லியிருந்தேன்.

முற்பகல் நேரம். மின்அடுப்புக் கையேட்டை அப்போதுதான் ஆரம்பித்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து "மாப்பிள்ளை" என்றாள். போனேன். அவர் தட்டி முடிக்கும்வரை நின்றேன். "வயிறு வலிக்கிறது. அவளிடம் சொல்ல வேண்டாம். பயந்துவிடுவாள். நீங்கள் டாக்டரை அழைத்து வாருங்கள்." ஆவன செய்யவும் என்று இல்லாததைக் கவனித்தேன். "சரி மாமா" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன். எழுதிக்கொண்டிருந்த வரியை முடித்துவிட்டுக் கூப்பிடலாம் என்றிருந்தேன். "நினைவூட்டல். வலிக்கிறது" என்றாள். வரி முடியவில்லை. "நினைவூட்டல் இரண்டு. வலிக்கிறது" என்றாள். எழுந்து போனேன். அவர் அடுத்ததைத் தட்டிக்கொண்டிருந்தார், நினைவூ என்பது வரை வந்திருந்தது. நான் மூடியைப் பிடித்து மூடினேன். அது முழுசாக மூடவில்லை. இரண்டு கையையும் வைத்து அழுத்தினேன்.

இடையில் அவர் விரல் இருந்தது. கீல் அப்படித்தான் உடைந்தது.